எலுமிச்சம்பழம் சொருகுன விரல்

எங்க மாமா ஆள்காட்டி விரல்ல எலுமிச்சம்பழத்த சொருகிக்கிட்டு கேரம் ஆட வந்த அன்னிக்கி நான் பண்ண மொத வேல, போன எடுத்து வீடியோ புடிச்சதுதான்.

மாமான்னா அம்மாவோட தம்பி. கடலூர் முதுநகர்ல மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்காரு. என்னவிட பதினெட்டு வயசு பெரியவரு. ஆனா நாங்க பேசிக்கிறத கேட்டா ஒரே பெஞ்சுல ஒக்காந்து ஃபெயிலானவனுங்கன்னு நெனப்பீங்க. கடைக்கு மாடியில ஒரு தகர ஷெட். ரெண்டு கேரம் போர்டு, தலைக்கு மேல தொங்குற பல்பு, ஒரு டப்பா பவுடர். அதுக்குப் பேரு கிளப்பு. டபுள்ஸ்ல நானும் அவரும்தான் ஜோடி, நான் காலேஜ் சேந்த வருஷத்துலேந்து.

மாமாவோட ஷாட்டு மொத்தமும் அந்த வலது கை ஆள்காட்டி விரல்லதான் இருக்கு. நகத்த போர்டோட ஒட்டி நேரா ஒரு தட்டு. சத்தமே ஜாஸ்தி வராது, காய் மட்டும் காணாம போயிடும். ரெட்ட, அதான் நடுவுல வெக்கிற செவப்பு காய, போட்டா அடுத்த ஷாட்லயே இன்னொரு காய போட்டு ஃபாலோ குடுக்கணும், இல்லன்னா ரெட்டு செல்லாது. எல்லாருக்கும் அந்த ஃபாலோலதான் கை நடுங்கும். மாமா ஃபாலோ போடும்போது பக்கத்துல இருக்கறவங்கிட்ட கரண்ட் பில்லு பத்தி பேசிக்கிட்டே போடுவாரு. அவ்ளோ திமிரு.

அந்த விரல் நுனி வீங்கிடுச்சி. செவசெவன்னு, தொட்டா சுடுற மாதிரி. காப்பர் கம்பி குத்தியிருக்கும்னாரு. வைண்டிங் கடையில கம்பி குத்தாத நாளே கெடையாது, அதனால யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கல. நகச்சுத்து. இதுக்குப் போயி டாக்டர பாக்குறவன் எங்க ஊர்ல இல்ல. எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு, உள்ள கொஞ்சம் மஞ்சள வெச்சி, விரல்ல தொப்பி மாதிரி மாட்டிக்க வேண்டியது. சூட்ட இழுத்துடும், பழுத்து ஒடஞ்சி சீழ் வந்துடும், முடிஞ்சிது கத.

அன்னிக்கி மேல்பட்டாம்பாக்கத்துலேந்து ரெண்டு பேரு மேட்ச் ஆட வந்திருந்தானுங்க. பழத்தோட ஆடுனா ஃபவுலா இல்லியான்னு அர மணி நேரம் பஞ்சாயத்து. ஒருத்தன், ரெட்டு போட்டா ஜூஸ் ஃப்ரீயா மச்சான்னு கேட்டான். மாமா பழத்த கழட்டி வெச்சிட்டு நடு விரல்ல ஆடுனாரு. தோத்துட்டோம். நான் அந்த வீடியோவ ‘லெமன் மாமா லோடிங்’னு ஸ்டேட்டஸ் வெச்சேன். சிரிச்சி சிரிச்சி ரிப்ளை வந்துச்சி. அந்த வீடியோவ போன்லேந்து இன்னும் டெலீட் பண்ணல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது.

இப்ப என் வேலய சொல்லணும், இல்லன்னா மீதி புரியாது. நான் மெடிக்கல் கோடர். அமெரிக்காவுல எவனாவது ஆஸ்பத்திரிக்கு போனா, அங்க டாக்டர் எழுதுன குறிப்ப நான் கடலூர்ல ஒக்காந்து படிச்சி, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் போடணும். இன்சூரன்ஸ்காரனுக்கு அந்த நம்பர்தான் வேணும். காலையில எட்டுலேந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இதான். மொதல்ல ஒரு மாசம் ஒவ்வொரு கேஸும் படிக்க ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும். கேன்சர்னா சி-ல ஆரம்பிக்கிற நம்பர். எலும்புக்கு பரவுன கேன்சர்னா சி எழுபத்தொம்போது பாயிண்ட் அஞ்சு ஒண்ணு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

விசித்திரமான கேஸெல்லாம் பாத்திருக்கேன். ஒரு ஆளு தாடையில மரமரன்னு இருக்குன்னு பல்லு டாக்டர்ட்ட போறான். பல்லுல ஒண்ணுமே இல்ல. நாலு பக்கம் தள்ளி பாத்தா புராஸ்டேட்ல கேன்சர், அது தாடை எலும்பு வரைக்கும் வந்திருக்குது. ஒரு அம்மாவுக்கு முடி வெட்டுற பொண்ணு, தல பின்னாடி ஒரு கட்டி இருக்குதுன்னு சொல்லுது. அது கிட்னிலேந்து வந்தது. ஒருத்தன் ஊறுகாய் பாட்டில் மூடிய தொறக்குறான், கை எலும்பு ஒடையிது, உள்ள கேன்சர் அரிச்சிருக்கு. எங்க டீம் குரூப்ல இதெல்லாம் பேர ஊர எடுத்துட்டு போடுவோம். ‘டுடேஸ் ட்விஸ்ட்’னு ஒரு எமோஜி. அப்புறம் டீ குடிக்கப் போயிடுவோம்.

எங்க வேலயில ஒரு ரூல் இருக்கு. வெளி நோயாளிக்கு டாக்டர் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’னு எழுதியிருந்தா அந்த நோய்க்கு நம்பர் போடக் கூடாது. கன்ஃபர்ம் ஆகணும். அது வரைக்கும் விரல்ல வீக்கம்னா விரல்ல வீக்கம், அவ்ளோதான். இது என் மண்டையில எவ்ளோ ஊறிப் போயிருக்குன்னா, ரெண்டு மாசம் தெனமும் மாமா விரல எதுக்க ஒக்காந்து பாத்தேன், ஒரு தடவ கூட எனக்கு வேற எதுவும் தோணல.

தோணியிருக்கலாம். எலுமிச்சம்பழம் மாத்தி மாத்தி மூணு வாரம் ஓடிடுச்சி, ஒடையவே இல்ல. வேப்பெண்ண, விளக்கெண்ண, மெடிக்கல்ல கேட்டு வாங்குன மாத்திர. அப்புறம் ஒரு கிளினிக்குல கீறி வுட்டாங்க. நான்தான் கூட போனேன். கீறுனவரு ரெண்டு தடவ அமுக்கிப் பாத்துட்டு, சீழே இல்லியே, ரத்தம்தான் வருதுன்னு சொன்னாரு. சொல்லிட்டு கட்டு போட்டுட்டாரு. நானும் சரின்னு பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டேன். இன்னொருத்தரு நகத்தயே எடுத்தாரு. அதுக்கும் கொறையல. மாமா இருமிக்கிட்டே இருந்தாரு, வைண்டிங்குக்கு அடிக்கிற வார்னிஷ் நெடின்னாரு. தொப்பை கொறஞ்சிடுச்சின்னு பெல்ட்டுல புது ஓட்டை போட்டு எல்லார்கிட்டயும் காட்டுனாரு. நான் டயட் டிப்ஸ் கேட்டேன், அதான் பெரிய காமெடி.

கடைசியில எக்ஸ்ரே எடுத்தோம். படத்த வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா விரல்ல நுனி எலும்பு இல்ல. மத்த விரலெல்லாம் அழகா முடியிது, இது மட்டும் எலி கடிச்ச சோப்பு மாதிரி பாதியில நிக்கிது. எலும்புல சீழ் புடிச்சிருக்கலாம், சிதம்பரம் கூட்டிட்டுப் போங்கன்னாங்க.

சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டரு விரல திருப்பித் திருப்பி பாத்தாரு. அப்புறம் விரல வுட்டுட்டு, எத்தன நாளா இருமல்னு கேட்டாரு. மாமா என்ன பாத்தாரு, நான் மாமாவ பாத்தேன். விரலுக்கு வந்தவர நெஞ்சுல எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு, அப்புறம் ஸ்கேனு. விரல்லேந்து துளியூண்டு சத எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க.

ரிப்போர்ட்ட வாங்க நான் மட்டும்தான் போனேன். ஒரு புதன் கெழம, லீவு போட்டுட்டு. கவுண்டர்ல கவர குடுத்தாங்க. வராண்டாவுல நின்னுக்கிட்டே பிரிச்சேன். மத்தவனா இருந்தா இங்கிலீஷு புரியாம டாக்டர தேடி ஓடியிருப்பான். எனக்குப் பழகுன எழுத்து. மெட்டாஸ்டாட்டிக் அடினோகார்சினோமா, நுரையீரல்லேந்து வந்தது. சந்தேகம், இருக்கலாம்னு ஒரு வார்த்த கூட இல்ல. கன்ஃபர்ம்.

சி எழுபத்தொம்போது பாயிண்ட் அஞ்சு ஒண்ணு.

சத்தியமா சொல்றேன், அதான் மொதல்ல மண்டையில வந்துச்சி. நுரையீரல் எந்தப் பக்கம்னு பாத்தேன், வலது மேல் பாகம், அதுக்கும் நம்பர் வந்துச்சி. அழுகையெல்லாம் வரல. டாக்டர பாத்தேன். அவரு பொறுமையா சொன்னாரு. விரல் நுனிக்கு இது வர்றது ரொம்ப ரேர்ப்பா, வந்துச்சின்னா நாங்க மொதல்ல நெஞ்சத்தான் பாப்போம், நெறைய பேருக்கு நகச்சுத்துன்னே மாசக்கணக்குல போயிடும்னாரு. விரல் வலிக்கி ரெண்டு வழி. ஒண்ணு நுனிய எடுத்துடறது, இல்ல ரேடியேஷன். எதுவா இருந்தாலும் அது வலிக்கி மட்டும்தான், நெஞ்சுக்கு தனியா மாத்திர பாக்கணும், முழுசா போற ஸ்டேஜ் தாண்டிடுச்சி. தலய ஆட்டுனேன். கீழ எறங்கி ஓட்டல்ல ரெண்டு பிளேட் பொங்கல் சாப்ட்டேன். வட சூடா இருந்துச்சி, அதையும் சாப்ட்டேன். மறுநாள் வேலயில என் அக்யூரசி நூத்துக்கு நூறு.

வீட்டுல அம்மாகிட்டயும் அத்தகிட்டயும் சொன்னேன். அத்தன்னா மாமாவோட சம்சாரம், குறிஞ்சிப்பாடி பொண்ணு, லேசுல அழாத ஆளு. அவங்க அழல. கேஸ் அடுப்ப அணச்சிட்டு வந்து ஒக்காந்தாங்க. ரெண்டு பேரும் பத்து நிமிஷத்துல முடிவு பண்ணிட்டாங்க. அவருக்கு சொல்லக் கூடாது. எலும்புல சீழு, விரல் நுனிய எடுத்துட்டா முழுசா சரியாயிடும்னு சொல்லிடலாம். மாத்திரய சத்து மாத்திரன்னு குடுத்துடலாம். எங்க பக்கத்துல இப்டித்தான், நோயாளிக்கித்தான் கடைசியா தெரியும். பக்கத்து தெரு அயர்ன்காரருக்கு கூட தெரிஞ்சிருக்கும்.

எனக்கு அப்ப இதுல தப்பு எதுவும் தோணல. சரின்னுட்டேன். நானே மாமாகிட்ட போயி சொன்னேன், விரல் நுனிய எடுக்கணுமாம், மேல் கணு வரைக்கும். அவரு கையில மோட்டாருக்குள்ள சுத்துற ஆர்மேச்சர் ஒண்ணு இருந்துச்சி. அத கீழ வெச்சிட்டு விரலயே கொஞ்ச நேரம் பாத்தாரு.

"எடுத்துட்டா முழுசா சரியாயிடுமா மாப்ள?"

"ம்" னேன்.

"அப்ப எடுத்துடலாம். உசுரா விரலான்னா உசுருதான."

அன்னிக்கி சாயங்காலத்துலேந்து அவரு எடது கையில பழக ஆரம்பிச்சாரு. மாடியில தனியா, போர்டுல ஒரே ஒரு காய வெச்சிக்கிட்டு. கேவலமா ஆடுனாரு. ஸ்ட்ரைக்கர் போர்ட வுட்டே எகிறிப் போச்சி. ரெண்டு வாரம் தெனமும் பழகுனாரு. நான் எதுக்க ஒக்காந்து காய பொறுக்கிக் குடுத்தேன். ஒரு நாள், எடது கையில மொத தடவ ஒரு காய் பாக்கெட்ல விழுந்துச்சி. சின்னப் பையன் மாதிரி என்ன நிமிந்து பாத்தாரு. ரிப்போர்ட்ட படிச்சப்போ ஒறைக்காதது அப்பத்தான் ஒறைச்சிது. இந்த ஆளு சரியாயிடும்னு நம்பி விரல குடுக்கப் போறாரு. நான் ‘ம்’னு சொன்ன ஒரு எழுத்துக்காக.

ஒரு திங்கக் கெழம அட்மிஷன். நானும் அவரும் காலையில சிதம்பரம் பஸ் ஏறுனோம், அத்த மத்தியானம் வர்றதா பேச்சு. ஜன்னல் சீட்டுல மாமா. மடியில தண்ணி பாட்டில் மூடிய வெச்சி எடது கை விரல்ல தட்டிக்கிட்டே வந்தாரு. புதுச்சத்திரம் தாண்டி பஸ்ஸு நின்னுச்சி, ரெண்டு பேரு மீன் கூடையோட ஏறுனாங்க. அப்பத்தான் கேட்டாரு, இதோட முடிஞ்சிடும்ல, பொங்கலுக்கு டோர்னமென்ட் இருக்கு, பேரு குடுத்துடவான்னு.

"முடியாது மாமா."

"பொங்கலுக்குள்ள ஆறாதா?"

"அது இல்ல. இது விரல்ல ஆரம்பிக்கல. நெஞ்சுல ஆரம்பிச்சி விரலுக்கு வந்திருக்கு."

மூடிய தட்டுறத நிறுத்திட்டாரு. பஸ்ல பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சி. மீன் கூட தண்ணி எங்க செருப்பு வரைக்கும் வந்துச்சி, ரெண்டு பேரும் கால தூக்கிக்கிட்டோம். பி.முட்லூர் வந்தப்புறம் என்ன பாக்காம கேட்டாரு.

"கேன்சரா?"

"ம்."

"உங்க அத்தைக்கு தெரியுமா?"

"தெரியும்."

"உங்கம்மாவுக்கு?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது. நல்லா இருக்குடா உங்க டோர்னமென்ட்டு." மூடிய எடுத்து பாட்டில்ல திருகுனாரு. "விரல எடுத்தா நெஞ்சுல இருக்கறது போவுமா?"

"போவாது. விரல் வலி மட்டும் போவும்."

"அப்ப இன்னா எழவுக்குடா விரல வெட்டணும்?"

வேற வழி இருக்கான்னு கேட்டாரு. கரண்ட் வெக்கலாம்னாங்கன்னு சொன்னேன். ரேடியேஷன எங்க பக்கம் கரண்ட் வெக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க. மாமா அப்டியே திரும்பி என்ன மொறச்சாரு.

"கரண்ட்டா? அத மொதல்ல சொல்ல மாட்டியா நாயே. நம்ம டிபார்ட்மென்ட்டு."

ரெண்டு பேரும் சிரிச்சோம். ரொம்ப நேரம் இல்ல. சிரிச்சதுல அவருக்கு இருமல் வந்துடுச்சி.

ஆஸ்பத்திரியில அவரே டாக்டர்ட்ட பேசுனாரு. எல்லாத்தையும் கேட்டாரு. எவ்ளோ நாளுன்னு மட்டும் கேக்கல. உங்களுக்கு யாரு சொன்னதுன்னு டாக்டரு கேட்டதுக்கு, என் பார்ட்னருன்னு என்ன கை காட்டுனாரு. ஆபரேஷன் வேணாம், கரண்ட்டே வெச்சிக்கலாம்னு அன்னிக்கே முடிவாயிடுச்சி. மத்தியானம் அத்த துணிப் பையும் பிளாஸ்க்குமா வந்தாங்க. மாமா மொகத்த பாத்ததுமே புரிஞ்சிடுச்சி. வராண்டாவுல என்கிட்ட வந்தாங்க, சத்தம் போடல.

"நிம்மதியா இருந்தவர இப்ப எண்ண வெச்சிட்டல்ல. நாளு எண்ணிக்கிட்டு படுத்திருப்பாரு, நான் பாக்கணும். படிச்ச திமிரு உனக்கு."

அவங்க சொன்னது தப்புன்னு எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியல. மாமா ராத்திரியில முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காருன்னு அம்மா சொல்லித் தெரியும். அத்த இப்பவும் எனக்கு காப்பி குடுப்பாங்க. டேபிள்ல வெச்சிட்டு போயிடுவாங்க, கையில குடுக்க மாட்டாங்க.

கரண்ட் வெச்சி மூணாவது வாரத்துல விரல் வலி கொறஞ்சிடுச்சி. வீக்கமும் பாதி வடிஞ்சிது. நுனி கொஞ்சம் சப்பையா, நகம் கோணலா மொளச்சிருக்கு. ஆனா விரல் இருக்கு. நெஞ்சுக்கு தெனம் ஒரு மாத்திர. அது கேக்குதுன்னு போன ஸ்கேன்ல சொன்னாங்க. எவ்ளோ நாளைக்கி கேக்கும்னு யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல. திரும்ப மாடிக்கி வந்த அன்னிக்கி, கிளப்புல எல்லாரும் அந்த விரல வாங்கி வாங்கி பாத்தானுங்க. அவனுங்களுக்கு நாங்க எதுவும் சொல்லல. பாத்தியா, லேட்டானாலும் லெமன் கேட்டுடுச்சின்னு ஒருத்தன் சொன்னான். மாமாவும், ஆமான்டா, லெமன்தான்னாரு. நான் போர்டுல பவுடர தேச்சிக்கிட்டு இருந்தேன். ஏற்கெனவே தேச்ச எடத்துலயே.

பொங்கல் டோர்னமென்ட்ல ரெண்டாவது ரவுண்டுல வெளிய வந்துட்டோம். என் மொக்க ஷாட்டாலதான், அவரால இல்ல.

போன வாரம் டைல்ஸ் ஒட்டுற அண்ணன் ஒருத்தரு விரல்ல எலுமிச்சம்பழத்தோட மாடி ஏறி வந்தாரு. எல்லாரும் ஓன்னு சிரிச்சானுங்க. நான் போன எடுக்கல. மாமா எந்திரிச்சிப் போயி, அந்தப் பழத்த கழட்டி, விரல பல்பு வெளிச்சத்துல வெச்சி பாத்தாரு. அமுக்குனாரு.

"இருமல் இருக்குதா?"

"விரலுக்கும் இருமலுக்கும் இன்னாண்ணே?"

"கேட்டதுக்கு சொல்லு. பெல்ட்டு லூசாயிடுச்சா?"

அந்த அண்ணன் தொப்பைய தட்டிக் காட்டுனாரு. எல்லாரும் இன்னும் சிரிச்சானுங்க. மாமா சிரிக்கல. நாளைக்கே போயி டாக்டர்ட்ட கீறிக்க, சீழ் வருதா இல்லியான்னு எங்கிட்ட வந்து சொல்லணும், வரலன்னா அன்னிக்கே எக்ஸ்ரே எடுக்கணும், நான் கூட வர்றேன்னாரு. சொல்லிட்டு வந்து ஒக்காந்து ரெண்டு ஷாட்டு வுட்டாரு, ரெண்டும் மிஸ்ஸு.

நேத்து சாயங்காலம் நாங்க ஆடிக்கிட்டு இருக்கும்போது அந்த அண்ணன் மாடிப்படியிலேந்தே கத்திக்கிட்டு வந்தாரு, கட்டு போட்ட விரல தூக்கிக்கிட்டு. கீறுனதும் பொளக்குன்னு வந்துச்சாம் சீழு, நாத்தம் தாங்கலியாம், இப்ப வலியே இல்லியாம்.

"நெறைய வந்துச்சா?"

"கப்பு கப்பா வந்துச்சிண்ணே."

"செமடா" ன்னாரு மாமா. ஓரமா கெடந்த பிளாஸ்டிக் ஸ்டூல அவருக்கு இழுத்துப் போட்டு ஒக்கார வெச்சாரு. அப்புறம் போர்டு பக்கம் திரும்புனாரு. ரெட்டு நடுவுல இருந்துச்சி. அந்தக் கோண நகத்த போர்டோட ஒட்டி நேரா ஒரு தட்டு. ரெட்டு விழுந்துச்சி. ஃபாலோவுக்கு ஒரு வெள்ள காய் பாக்கெட் வாயிலயே நின்னுச்சி. ஸ்ட்ரைக்கர கோட்டுல வெச்சாரு, விரல கொண்டு போனாரு, இருமல் வந்துடுச்சி. கைய எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவரு இருமி முடிக்கிற வரைக்கும் யாரும் போர்ட தொடல.